பட்டியலின் முதல் வரி

முவாலா கிராமம்,
5 மே 1996

என் இளையாளுக்கு உன் மூத்தாள் மெலியா எழுதுவது.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நலமா என்று கேட்காதே. நீயாவது நலமாக இருக்க வேண்டும் எஸ்னாத்.

பாட்டியையும் பேத்தியையும் சக்களத்திகள் என்னும் நம் ஊர்க் கேலிப்படி, நம் இருவருக்கும் பொதுப் புருஷனான உன் தாத்தா நேற்றுக் கனவில் வந்தான். என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். "சின்னவ எங்க? பள்ளிக்கூடம் போயிட்டாளா? அப்ப எனக்கு இந்தக் கிழவிதான் மிச்சமா?" என்றான். செத்துப் பதினோரு வருஷம் ஆகியும் அவனுக்கு நன்றி வரவில்லை. சக்களத்திகள் நாம்தான் ஒருவருக்கொருவர் துணை.

இதைப் படித்து நீ சிரித்திருக்க மாட்டாய். தெரியும். நானும் சிரித்து எழுதவில்லை.

உன் அம்மாவை மண்ணில் வைத்து நாளையோடு நாலு வாரம். மழித்த தலையில் எனக்கு வெள்ளையாய் முளைத்திருக்கிறது. உனக்குக் கறுப்பாய் முளைத்திருக்கும். பள்ளியில் குளிர் அதிகம் என்றாயே, தலையில் துணி கட்டிக்கொள். உன் அம்மா ஃபலேசியின் நீலத் துணி உன் பெட்டியின் அடியில் இருக்கிறது. நான்தான் வைத்தேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஒரு பக்கம் எழுதுவதற்குள் அடுப்பில் களி வெந்துவிடுகிறது. ஆனாலும் உன் மாமன் ஜெயிலோசியிடம் சொல்லி எழுதவைக்க மாட்டேன். நான் சொல்வதில் பாதியை விழுங்கிவிட்டு மீதியை மரியாதையாக எழுதுவான்.

உன் அப்பன் லைட்டன் இன்றுவரை வரவில்லை. ஆள் அனுப்பியும் வரவில்லை. பெண் எடுத்தவன் பெண் வீட்டில் வந்து குடியிருக்க வேண்டும் என்பது நம் ஊர் முறை. அவன் என் மகளைத் தியோலோ தேயிலைத் தோட்டத்துக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். அவளுக்கென்று நான் கொடுத்த உரலையும் ஏற்றிக்கொண்டு போனான். திருப்பி அனுப்பியபோது அவள் எலும்பும் இருமலுமாக வந்தாள். உரல் வரவில்லை.

சாப்பிடு. படி.

உன் மூத்தாள்,
மெலியா

*

டெட்சா,
14 மே 1996

மூத்தாளுக்கு இளையாள் எழுதுவது.

பாட்டி, உங்கள் கடிதம் வந்தது. நீலத் துணியை எடுத்தேன். அம்மாவின் வாசனை இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான். ஏன் துவைத்தீர்கள்?

எனக்கு என்ன ஆகிறது என்று தெரியவில்லை. அழுகை வரவில்லை. கணக்கு வகுப்பில் திடீரென்று நெஞ்சுக்குள் யாரோ துணி பிழிவது போல இருக்கிறது. களியை வாயில் வைத்தால் மண்ணாக இருக்கிறது. போன வாரம் குழாயடியில் எங்கள் அறை டோரிகா, "உங்கப்பா சாவுக்கு வந்தாராடி?" என்று சும்மாதான் கேட்டாள். வாளியை அவள் மேல் எறிந்தேன். நெற்றி பிளந்துவிட்டது. இப்போது தண்டனையாக தினமும் மாலை நான் புல் வெட்டுகிறேன். டோரிகா என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அந்தப் பக்கம் வெட்டலை பாரு, முதலாளியம்மா சொல்றேன்" என்று கட்டுப் போட்ட தலையோடு கிண்டல் செய்கிறாள். அவளைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

எனக்கு அப்பா மேல்தான் கோபம். அம்மா படுத்திருந்த மூன்று மாதமும் வரவில்லை. மண்ணுக்குப் போகும்போதாவது வந்திருக்கலாம். ரேடியோவில் வாசிக்கும் சாவு அறிவிப்புக்கு நான்தானே பட்டியல் எழுதினேன். செய்தி சேர வேண்டியவர்கள் என்று லிலோங்வே சித்தி, சலிமா பெரியப்பா என்று ஒவ்வொன்றாக நீங்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். "அப்பா பேரு?" என்று கேட்டேன். "அவனுக்கு லாரி டிரைவர்கிட்ட சொல்லி அனுப்பியாச்சு. பத்துப் பேருக்கு மேல வாசிக்க மாட்டாங்க. அந்த இடத்துல உன் சித்தப்பன் பேரைப் போடு" என்றீர்கள். லாரி டிரைவர் நேரில் சொல்லியும் வராத மனிதரை என்ன செய்வது?

பள்ளி மருந்தகத்தில் நர்ஸ் முசுக்வா நல்லவர். மாத்திரை தரவில்லை, உட்காரவைத்துப் பேசினார். "யார் மேல கோபமோ அவங்களுக்கு ஒரு கடிதாசி எழுது. மனசுல உள்ளதெல்லாம் எழுது, கெட்ட வார்த்தை வந்தா அதையும் எழுது. எழுதி முடிச்சதும் சமையல்கட்டு அடுப்புல போட்டுடு. அனுப்பக் கூடாது. அது உனக்கு எழுதுற கடிதாசி, அவருக்கு இல்ல" என்றார்.

நான்கு பக்கம் எழுதிவிட்டேன். தலையணைக்குள் இருக்கிறது. எரிக்க மனம் வரவில்லை. என்ன செய்யட்டும்?

உங்கள் இளையாள்,
எஸ்னாத்

*

முவாலா,
22 மே 1996

என் இளையாளுக்கு.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். டோரிகாவின் நெற்றிக்கு என் வருத்தத்தைச் சொல். அவளுக்கு ஒரு பை வேர்க்கடலை அனுப்புகிறேன், பாதியை நீ தின்றுவிடாதே.

அந்த நர்ஸம்மா படித்தவர். இருக்கட்டும். ஆனால் எழுதியதை அடுப்பில் போடுவது எந்த ஊர் வைத்தியம்? கோபம் என்றால் அது போய்ச் சேர வேண்டிய ஆளிடம் போய்ச் சேர வேண்டும். அடுப்பு உனக்கு என்ன தீங்கு செய்தது?

நான் எதையும் எரித்ததில்லை. எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. உன் அப்பன் பெண் கேட்டு வந்தது ஒரு வியாழக்கிழமை. ஜெயிலோசி நிற்கும்போதே இவன் நாற்காலியில் உட்கார்ந்தான். கோழி அடித்தோம், பெரியவர்களுக்கென்று எடுத்து வைத்த ஈரலைத் தானே எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு கொஞ்சம் தூக்கல், அத்தை" என்றான். பஞ்ச வருஷத்தில் எல்லா மருமகன்களும் சோளம் கொண்டுவந்தார்கள். இவன் ஒரு பொட்டலம் தேயிலை கொண்டுவந்தான். வெறும் வயிற்றில் தேநீர் குடித்து எனக்கு மயக்கம் வந்தது. இதையெல்லாம் நான் மறந்திருந்தால் உன் தாத்தா போன அன்றே நானும் படுத்திருப்பேன். இந்த நினைவுகள்தான் என்னைக் காலையில் எழுப்பிவிடுகின்றன.

கடிதத்தை எரிக்காதே. தபாலில் போடு. தோட்டத்து விலாசம் உனக்குத் தெரியும். உன் அம்மாவுக்காகப் போடு. நெஞ்சில் துணி பிழிவது நிற்கும்.

தபால்தலை உள்ளே வைத்திருக்கிறேன்.

மெலியா

*

டெட்சா,
30 மே 1996

மூத்தாளுக்கு.

போட்டுவிட்டேன். நர்ஸம்மாவிடம் எரித்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். "எப்படி இருக்கு?" என்றார். லேசாக இருக்கிறது என்றேன். அது மட்டும் பொய்யில்லை. அன்று இரண்டு தட்டுக் களியும் பூசணிக் கீரையும் சாப்பிட்டேன். டோரிகா, "அடுப்புல எரிஞ்சது கடிதாசியா, இல்ல பசியில உன் வயிறா?" என்றாள்.

என்ன எழுதினேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அம்மா கடைசி நாள் வரை வாசல் பக்கமாகவே தலை வைத்துப் படுத்திருந்தாள் என்று எழுதினேன். "பஸ் சத்தமா அது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள் என்று எழுதினேன். லாரி டிரைவர் வந்து சொல்லியும் அவளுடைய குழிக்கு நீங்கள் ஒரு பிடி மண் போடவில்லை, இனி நீங்கள் என் அப்பா இல்லை, நீங்கள் செத்தால் நானும் வரமாட்டேன் என்று எழுதினேன்.

மூன்று நாள் நன்றாக இருந்தது. இப்போது மறுபடியும் பிழிகிறது. முன்பு கோபமாகப் பிழிந்தது. இப்போது பயமாக. அந்தக் கடைசி வரியை மட்டும் திரும்பப் பெற முடியுமா என்று தபால் வண்டிக்காரரிடம் கேட்டேன். சிரித்தார்.

எஸ்னாத்

*

முவாலா,
9 ஜூன் 1996

என் இளையாளுக்கு.

நல்ல காரியம் செய்தாய். பயப்படாதே. முதலில் அப்படித்தான் இருக்கும், பிறகு கெட்டியாகிவிடும்.

ஜெயிலோசியின் ரேடியோவுக்கு மின்கலம் தீர்ந்துவிட்டது. ஓட்டின் மேல் வெயிலில் காயவைத்து மறுபடி போட்டுக் கேட்கிறான். சாவுப் பட்டியல் வாசிக்கும் நேரத்துக்கு மட்டும் எப்படியோ உயிர் வந்துவிடுகிறது.

ஒன்று சொல்கிறேன். உன் அப்பனிடமிருந்து பதில் வந்தால் பிரிக்காதே. அப்படியே எனக்கு அனுப்பு. மறந்துவிடாதே.

மெலியா

*

டெட்சா,
26 ஜூன் 1996

பாட்டிக்கு.

பதில் வந்தது. பிரித்தேன்.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதை நான் எப்படி மறந்தேன்? கொழுந்து எடை போடும் குமாஸ்தாதான் அங்கே எல்லோருக்கும் கடிதம் வாசிப்பவராம். எடைக் கொட்டகையில், கூடையோடு வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னால் என் கடிதத்தை வாசித்திருக்கிறார். பதிலையும் அவரே எழுதியிருக்கிறார். அப்பா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

"மகளே எஸ்னாத். உன் கடிதாசி சனிக்கிழமை வந்துச்சு. குமாஸ்தா பாதியில நிறுத்திட்டு என்னைப் பாத்தாரு. படிங்க ஐயான்னேன். ஃபலேசி போயிட்டான்னு எனக்கு அப்பதான் தெரியும். எந்த டிரைவரும் வரல. இங்க நாங்க தினமும் ரேடியோ கேக்குறோம். ஏப்ரல்ல ஒரு நாள் ஃபலேசின்னு ஒரு பேரு வந்துச்சு. முவாலான்னும் கேட்டுச்சு. நான் எழுந்து உக்காந்துட்டேன். பட்டியல் முழுசும் கேட்டேன். என் பேரு வரல. தோட்டத்துப் பேரும் வரல. புருஷன் பேரு இல்லாம பொண்டாட்டி சாவு வாசிப்பாங்களா, அது வேற ஃபலேசின்னு என் அக்கா சொன்னா. நானும் அதையே நம்பினேன். உன் அம்மாவ நான் துரத்தல. எனக்கும் அதே இருமல்தான். ரெண்டு பேரும் இங்க படுத்தா யாரு தண்ணி குடுப்பாங்கன்னுதான் அவள அவ அம்மாகிட்ட அனுப்பினேன். நடக்க முடிஞ்சா வருவேன். நீ எழுதினதுல தப்பு எதுவும் இல்ல. தெரிஞ்ச வரைக்கும் எழுதியிருக்க."

பாட்டி, லாரி டிரைவரின் பெயர் என்ன? அதை மட்டும் எழுதுங்கள். அவர் சொல்ல மறந்துவிட்டார் என்று மட்டும் எழுதுங்கள், நான் நம்பிவிடுகிறேன்.

எஸ்னாத்

*

முவாலா,
4 ஜூலை 1996

எஸ்னாத்,

டிரைவர் யாரும் இல்லை.

ஜெயிலோசிக்கும் தெரியாது. உன்னிடம் சொன்ன பொய்யைத்தான் அவனிடமும் சொன்னேன்.

நான் கெட்டவள் என்று நீ முடிவு செய்வதற்கு முன் இதைக் கேள். புருஷன் வந்திருந்தால் பாயில் தலைமாட்டில் அவன்தான் உட்கார்ந்திருப்பான். பெண்கள் எல்லோரும் அவனைச் சுற்றி, "ஐயோ லைட்டன், இனி உனக்கு யார்?" என்று அழுதிருப்பார்கள். அவன் அழகாக அழுவான், எனக்குத் தெரியும். நான் ஒன்பது மாதம் சுமந்து, மூன்று மாதம் மலம் அள்ளி, கடைசியில் ஓரத்தில் உட்கார்ந்து அவனுடைய அழுகைக்குத் தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும். அந்த ஒரு நாள் என் மகள் எனக்கு மட்டும் வேண்டியிருந்தது. அவ்வளவுதான் நினைத்தேன். பிறகு தெரிந்து வந்து கத்துவான், நானும் கத்துவேன், உரலைக் கேட்பேன் என்று நினைத்தேன். தெரியாமலே போய்விடும் என்று நினைக்கவில்லை.

அவனுக்கும் இருமல் என்று எனக்குத் தெரியாது. ஃபலேசி சொல்லவில்லை. "அவருக்கு வேலை, மெதுவா வருவாரு" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கேட்கவும் இல்லை.

உன் கையால் எழுதவைத்தது தப்பு. அதை ஒப்புக்கொள்கிறேன். மற்றதை இப்போது ஒப்புக்கொள்ளச் சொல்லாதே. இத்தனை வருஷம் பிடித்துக்கொண்டிருந்ததை ஒரு கடிதத்தில் விட எனக்குத் தெரியவில்லை.

விடுமுறைக்கு வீட்டுக்கு வா. ஜெயிலோசியை பஸ் நிறுத்தத்துக்கு அனுப்புகிறேன்.

மெலியா

*

தியோலோ,
11 ஆகஸ்ட் 1996

மெலியா அவர்களுக்கு,

நான் முவாலாவுக்கு வரவில்லை. பள்ளி முடிந்ததும் டோரிகா தன் பஸ் காசைக் கொடுத்தாள். நேராகத் தியோலோ கிளம்பினேன். அப்பாவிடம் சொல்வதற்கு ஒரு வரி யோசித்து வைத்திருந்தேன். பஸ்ஸில் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

லிம்பேயில் பஸ் மாற இறங்கினேன். தேநீர்க் கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பட்டியல் ஆரம்பித்தது. நான் கவனிக்கவில்லை. பிறகு என் பெயர் கேட்டது.

"தியோலோ தேயிலைத் தோட்டத்தில் காலமான லைட்டனின் மறைவுச் செய்தி சேர வேண்டியவர்கள்: டெட்சா பள்ளியில் படிக்கும் மகள் எஸ்னாத். முவாலா கிராமத்து மாமியார் மெலியா. அதே கிராமத்து மைத்துனர் ஜெயிலோசி." எங்கள் பெயர்களுக்குப் பிறகுதான் அவருடைய சொந்தக்காரர்கள். பட்டியலை அவரே படுக்கையிலிருந்து சொல்லி எழுதவைத்தாராம். அத்தை சொன்னாள். "முதல்ல அவங்க பேரு. விட்டுடாதீங்க. பேரு விட்டுப்போனா ஆளுக்குத் தெரியாமப் போயிடும்" என்றாராம்.

கடைக்காரர், "என்னம்மா, டீ ஆறுது" என்றார். குடித்தேன். பஸ் ஏறினேன். மண் போட நேரத்துக்கு வந்துவிட்டேன். என் கடிதம் அவர் சட்டைப் பையில் இருந்தது. படிக்கத் தெரியாதவர். அதை எனக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

நீங்கள் செத்தால் வரமாட்டேன் என்று எழுதினேன். வந்தேன்.

நர்ஸம்மா எரிக்கச் சொன்ன அன்றே எரித்திருந்தால், அவர் அம்மா இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே போயிருப்பார். இல்லை, உண்மையைத் தெரிந்துகொண்டு போனதுதான் நல்லதா? இரண்டையும் மாற்றி மாற்றி நினைக்கிறேன். இரண்டிலும் என் கையெழுத்துதான் இருக்கிறது. பட்டியலும் என் கையெழுத்து, கடிதமும் என் கையெழுத்து. கோபத்தை என்ன செய்வது என்று உங்களிடம்தான் கேட்டேன் பாட்டி. வேறு யாரிடமும் கேட்கவில்லை.

இனி பள்ளிக்குப் போகப்போவதில்லை. அத்தையோடு இருக்கிறேன். கொழுந்து பறிக்கப் பெயர் கொடுத்துவிட்டேன். பறிக்கும்போது எதையும் நினைக்காமல் இருக்க முடிகிறது. சில நாள்.

நாளை உங்களுக்கு ஏதாவது ஆனால் உங்கள் பட்டியலில் என் பெயரைப் போட வேண்டாம். போட்டாலும் எனக்குக் கேட்காது. பட்டியல் நேரம் வந்தால் நான் வெளியே போய்விடுகிறேன்.

எஸ்னாத்,
லைட்டன் – ஃபலேசியின் மகள்

*

முவாலா,
20 அக்டோபர் 1996

எஸ்னாத்துக்கு,

இளையாள் என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். மேலே தெரிந்தால் மன்னித்துக்கொள்.

முன்பு போட்ட இரண்டு கடிதங்களும் பிரிக்காமல் திரும்பி வந்தன. இதுவும் வரும். ஆனாலும் எழுதுகிறேன். இதை நர்ஸம்மா சொன்ன கடிதம் என்று வைத்துக்கொள். அடுப்பு பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் தபாலில் போடுவேன். எனக்கு அந்த ஒரு வழிதான் தெரியும்.

உரல் வந்து சேர்ந்தது. போன செவ்வாய்க்கிழமை மீன் ஏற்ற வந்த லாரியிலிருந்து டிரைவர் இறக்கி வைத்தான். இந்த முறை நிஜமாகவே ஒரு டிரைவர். "தியோலோவுல ஒரு அம்மா குடுத்து விட்டாங்க. அவங்க தம்பி சொல்லிட்டுப் போனாராம், இது அத்தை வீட்டுச் சாமான், போய்ச் சேரணும்னு" என்றான். அத்தை என்று சொன்னானாம். பதினெட்டு வருஷமாக அந்த உரலைத் திட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே பார்த்தேன். ஃபலேசியின் கைபட்டு அடி வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறது. அதில் நான் எதையும் குத்தவில்லை. சோளத்தை ஜெயிலோசியின் பெண்டாட்டியிடம் கொடுத்துவிடுகிறேன். உரலை வாசலில் வைத்திருக்கிறேன். கோழிகள் அதன் நிழலில் படுத்துக்கொள்கின்றன.

உன் அப்பனைத் திட்டப் பார்த்தேன். ஈரல் நினைவிருக்கிறது, நாற்காலி நினைவிருக்கிறது, தேயிலைப் பொட்டலம் நினைவிருக்கிறது. ஒன்றிலும் சூடு இல்லை. காலையில் எழுந்திருக்கக் காரணம் தேட வேண்டியிருக்கிறது.

ஜெயிலோசி என்னோடு பேசுவதில்லை. வருகிறான், தண்ணீர் வைக்கிறான், போகிறான். ரேடியோவை மட்டும் என் பக்கத்தில் விட்டுப் போகிறான். தினமும் பட்டியல் கேட்கிறேன். தியோலோ என்று வந்தால் பெயர் வருகிற வரைக்கும் மூச்சு விடுவதில்லை. உன் அப்பனும் அப்படித்தான் எழுந்து உட்கார்ந்து கேட்டிருப்பான் என்று இப்போது நினைக்கிறேன்.

இருமல் எனக்கு இல்லை. வயதுதான். ஆனாலும் என் பட்டியலை நானே எழுதிவிட்டேன். என் மூன்றாம் வகுப்புக் கையெழுத்தில், யார் கையையும் கடன் வாங்காமல். இரண்டாவது ஜெயிலோசி. மூன்றாவது லிலோங்வேயில் உன் சித்தி. நான்காவது தியோலோவில் உன் அத்தை. லைட்டனின் அக்கா என்றே போட்டிருக்கிறேன், முழுப் பெயரோடு, தோட்டத்துப் பெயரோடு.

முதல் வரியில் மூன்று முறை உன் பெயரை எழுதி மூன்று முறை தாளைக் கிழித்தேன். போட வேண்டாம் என்றாய். இருக்க வேண்டிய ஒரு பெயரை ஒரு முறை நான் என் விருப்பத்துக்கு விட்டேன். வேண்டாம் என்கிற ஒரு பெயரை மறுபடி என் விருப்பத்துக்குப் போட எனக்குக் கை வரவில்லை.

அதனால் முதல் வரியை எழுதாமல் விட்டிருக்கிறேன். தாள் ரேடியோவுக்கு அடியில் இருக்கிறது. பேனாவை அதோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். உனக்குத் தோன்றினால் நீ வந்து எழுது. இல்லாவிட்டால் வாசிப்பவர் இரண்டாவது வரியிலிருந்து வாசித்துக்கொள்ளட்டும்.

மெலியா